மழையும் ஒரு பிள்ளையின் வினாவும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

   

இயற்கையின் வழியே குழந்தைகளுக்கு இறைவனை அறிமுகப்படுத்துவது எப்படி என்னும் பொருளில் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார்கள். சில ஆண்டுகளுக்கு முன் பணித்திருந்தால் இதை மிக எளிய பொருள் என்றே எண்ணியிருப்பேன். மலரைக் காட்டு, நிலவைக் காட்டு, 'இவற்றைப் படைத்தவன் யார்?' என்று கேள். பிள்ளை விடை சொல்லிவிடும். பகலில் பள்ளிக்கூடத்திலும் மாலையில் மக்தபிலும் நான் அவ்வாறுதான் கற்பித்து வந்தேன். அது போதாது என்று எனக்கு உணர்த்தியது ஒரு மழை. அதைச் சொல்லவே உங்கள் முன் நிற்கிறேன்.

2023 டிசம்பர் 18ஆம் நாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் நம் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. நம் மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட இது மிகுதி. குளங்கள் உடைந்தன. தாமிரபரணி கரைகடந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுவிட, அருகிலிருந்த புதுக்குடி மக்கள் பயணிகளுக்குச் சோறாக்கிப் போட்டார்கள். இவையெல்லாம் நீங்கள் அறிந்தவை. நான் சொல்ல வந்தது, வெள்ளம் வடிந்து மக்தப் மீண்டும் திறந்த நாளில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி.

மழையை நம் பிள்ளைகளுக்கு 'ரஹ்மத்து' என்றே சொல்லித் தருகிறோம். அருள் என்பது அதன் பொருள். அன்று எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி எழுந்து நின்று கேட்டாள்: "சார், மழை ரஹ்மத்துன்னு சொல்லித் தந்தீங்களே, அப்ப எங்க ஆட்டுக்குட்டிய ஏன் அடிச்சிட்டுப் போச்சு?"

மனிதர் செய்யும் பாவங்களுக்காக வரும் சோதனை அது என்றேன். "ஆட்டுக்குட்டி என்ன பாவம் செஞ்சுது சார்?" என்றாள். என்னிடம் மறுமொழி இல்லை. "உட்கார்ந்து ஓது" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அன்று நான் அந்தப் பிள்ளைக்கு இறைவனைக் கற்பிக்கவில்லை. இறைவனைப் பற்றி வினவுவது குற்றம் என்று கற்பித்தேன். என் ஆசிரியப் பணியில் நான் மிகவும் நாணுவது அந்த ஒரு மாலையை எண்ணித்தான்.

பிழை எங்கே நேர்ந்தது என்று பல நாள் சிந்தித்தேன். இயற்கையில் பாதியை மட்டுமே பிள்ளைகளுக்குக் காட்டிவந்திருக்கிறேன் என்பது புலனாயிற்று. மலரும் நிலவும் மயிலும் தோன்றும் நாட்காட்டிப் படம்தான் நான் காட்டிய இயற்கை. கடலோரத்துப் பிள்ளைக்குக் கடல் அப்படிப்பட்டதன்று. மீன் தருவதும் அதே கடல். மீன்பிடிக்கச் சென்ற தந்தையைத் திருப்பித் தராததும் அதே கடல்.

நம் முன்னோர் இதில் நம்மைவிட நேர்மையாக இருந்திருக்கிறார்கள். திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அந்த அதிகாரத்திலேயே, வாழ்வாரைக் கெடுப்பதும் கெட்டவரை எடுத்து நிறுத்துவதும் மழையே என்னும் கருத்தையும் வைத்தார். பெய்யாமல் நின்று கெடுப்பது என்று பரிமேலழகர் அதற்கு உரை கண்டார். பெய்தும் கெடுக்கும் என்பதை 2023இல் நாம் கண்டுகொண்டோம். மழையின் பெருமையைச் சொல்லும் இடத்திலேயே அது கெடுக்கும் என்பதையும் மறைக்காமல் சொன்ன புலவர் அவர்.

திருக்குர்ஆனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வசனத்தை நாம் 'ஆயத்து' என்கிறோம். அரபு மொழியில் அச்சொல்லுக்கு அடையாளம், சான்று என்பதும் பொருள். ஏட்டில் உள்ளதும் ஆயத்து. வானிலும் மண்ணிலும் உள்ளதும் ஆயத்து. அதன் அத்தியாயங்கள் சில எறும்பு, தேனீ, சிலந்தி ஆகியவற்றின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. தேனீயின் பெயரால் ஓர் அத்தியாயம் இருப்பது போலவே இடியின் பெயராலும் ஒன்று உண்டு. மக்தபுப் பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் சிறிய அத்தியாயங்களுள் ஒன்றின் பெயரே நிலநடுக்கம்! தேனீயை மட்டும் காட்டி, இடியையும் நிலநடுக்கத்தையும் பிள்ளைகளின் கண்ணிலிருந்து ஒளித்தவர்கள் நாம்தான்.

இன்னொரு பிழையும் உண்டு. அது கவிஞர்களாகிய உங்களையும் சார்ந்தது. நம்முடையது முத்துக்கரை. சுவாதி நட்சத்திரத்தில் விழும் மழைத்துளி சிப்பியின் வாயில் புகுந்து முத்தாகிறது என்று என் பாட்டியார் எனக்குச் சொன்னார்கள். நான் என் மாணவர்களுக்குச் சொன்னேன். "பார்த்தீர்களா, இறைவனின் விந்தையை!" என்று முடித்தேன். அறிவியல் பாடம் வேறு சொல்கிறது. ஒட்டுண்ணி போன்ற அயற்பொருள் ஒன்று தன் மென்மையான உடலுக்குள் புகுந்துவிட்டால், சிப்பி தன் ஓட்டின் உட்புறத்தை மெழுகும் அதே மினுக்குப் பொருளால் அதைச் சுற்றிச் சுற்றிப் பூசுகிறது. அந்தப் படலங்களின் திரட்சியே முத்து. இதைக் கற்றே 1973இல் தூத்துக்குடியில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் சிறு மணியை வைத்து முத்து விளைவித்தார்கள். 1961க்குப் பின் இக்கரையில் பெரிய முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. ஆகவே, இன்றைய பிள்ளை முத்தைப் பற்றி அறிவது நம் சொல்லின் வழியாகவும் பாடநூலின் வழியாகவும்தான்.

சுவாதித் துளி அழகிய கற்பனை. அதைக் கற்பனை என்று சொல்லித் தந்தால் பிள்ளை மகிழ்வான். இறைவனுக்குச் சான்று என்று சொல்லித் தந்தாலோ, பாடநூல் அதை மறுக்கும் நாளில் துளி மட்டுமா வீழும்? அதன்மேல் நாம் எழுப்பிய நம்பிக்கையும் உடன் வீழும். இறைவனுக்காக நாம் பொய்ச்சாட்சி சொல்ல வேண்டியதில்லை. உண்மையான முத்து, கற்பனை முத்தைவிட வியப்பில் குறைந்ததா? தன்னை உறுத்தும் ஒன்றை வெளியே தள்ள முடியாத ஓர் எளிய உயிர், அதை ஒளியாக்கி வைத்துக்கொள்கிறதே! ரஹ்மான் என்னும் அத்தியாயத்தில் முத்தும் பவளமும் இறைவனின் கொடைகளாகக் கூறப்படுகின்றன. இரண்டும் நம் மன்னார் வளைகுடாவில் உள்ளவை. அவற்றை உள்ளபடி காட்டினாலே போதும்.

உள்ளபடி பார்த்தவர்கள் எப்படித் தேடினார்கள்? இபுறாகீம் நபியவர்களின் வரலாற்றைக் குர்ஆனின் ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. விண்மீனையும் நிலவையும் ஞாயிற்றையும் ஒவ்வொன்றாக நோக்கி, அவை மறைவதையும் நோக்கி, மறைவன இறைவனாகா என்று அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். உதயத்தைப் போலவே மறைவும் அங்கே பாடமாயிற்று.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் அந்தலூசியாவில் வாழ்ந்த இப்னு துஃபைல் என்னும் மருத்துவர் எழுதிய ஹய்யு இப்னு யக்ஸானின் கதையையும் இங்கே நினைவுகூர விரும்புகிறேன். மனிதரே இல்லாத தீவில் ஒரு பெண்மான் பாலூட்டி வளர்த்த பிள்ளை அவன். ஒருநாள் அந்த மான் இறந்துபோகிறது. கண் இருக்கிறது, செவி இருக்கிறது, அசைவில்லை. தன்னை வளர்த்த தாயை விட்டுப் போனது எது என்று அவன் தேடத் தொடங்குகிறான். அந்தத் தேடலே படிப்படியாக உயர்ந்து அவனை இறைவனிடம் கொண்டு சேர்க்கிறது. கவனியுங்கள்: அவனுடைய தேடலை முடுக்கிவிட்டது ஒரு மலரின் அழகன்று, அன்புக்குரிய ஒரு விலங்கின் சாவு. மானை இழந்த அப்பிள்ளைக்கும் ஆட்டுக்குட்டியை இழந்த எங்கள் சிறுமிக்கும் எவ்வளவு தொலைவு? அவள் பாடத்தைக் குலைக்கவில்லை. பாடத்தைத் தொடங்கிவைத்தாள். அதை அறியாமல் நான்தான் ஏட்டைத் திறக்கச் சொன்னேன்.

சில நாள் கழித்து அவளை அழைத்து, "அன்றைக்கு நான் சொன்னது தவறு அம்மா, நீ கேட்டது நல்ல கேள்வி" என்றேன். பிறகு எல்லாப் பிள்ளைகளையும் வெளியே அழைத்துச் சென்றேன். சுவர்களில் வெள்ளம் நின்ற தடத்தைப் பார்த்தோம். நீர் எந்தத் திசையிலிருந்து வந்தது, எங்கே தாழ்வு கண்டு ஓடியது, எந்தச் சுவர் அதை மறித்தது என்று அவர்களே சொன்னார்கள். நீர் பள்ளம் நாடும் என்பது படைத்தவன் வைத்த நியதி; பள்ளத்தை அடைத்துக் கட்டியது நாம் செய்த வேலை என்று பிரித்துக் காட்டினேன். "ஆனால் உன் ஆட்டுக்குட்டி ஏன் போக வேண்டும் என்பது எனக்குத் தெரியாது" என்றேன். "அல்லாஹ்வுக்குத் தெரியுமா சார்?" என்றாள். "தெரியும் என்று நம்புகிறேன்" என்றேன். அவள் சற்று நேரம் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு மற்றப் பிள்ளைகளோடு ஓடிப்போனாள். மறுநாள் வகுப்பில் முதலில் கை உயர்த்தியவள் அவள்தான். அதைவிடப் பெரிய பயன் எதையும் நான் கோரவில்லை.

கவிஞர்களே! உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் அரபு நாட்டைப் பாடியபோது, தாம் கண்டறிந்த தமிழ்நிலத்து ஆற்றையும் வயலையும் கொண்டே பாடினார். காணாததைக் கண்டதன் வழியே காட்டுவது அவர் நமக்கு விட்டுச் சென்ற வழி. திருப்புகழ் பாடிய காசிம் புலவரைத் தந்த ஊரில் நின்று உங்களிடம் ஒன்று வேண்டுகிறேன். நம் பிள்ளைகளுக்கு இறைவனைப் பற்றிப் பாட்டெழுதுங்கள். அதில் காணாத மலைச்சாரல் வேண்டாம். நம் பனையும் சங்கும் சிப்பியும் ஆவுளியாவும் இருக்கட்டும். அவற்றின் இயல்பு பிழையாமல் இருக்கட்டும். கோடைக்காற்றோடு புயலும் இருக்கட்டும். பாட்டின் முடிவில் விடையைக் கட்டி வைக்காமல், பிள்ளை வினவுவதற்குச் சிறிது இடம் விட்டு வையுங்கள்.

பார்க்கக் கற்றுக்கொடுப்பது நம் கடமை. பார்த்த பிள்ளைக்குத் தன்னைக் காட்டிக்கொள்வதை இறைவன் பார்த்துக்கொள்வான்.