மேய்ச்சல் நிலம் செழித்தால் கால்நடை செழிக்கும்

(உரையின் வடிவம்)

சித்தூரிலிருந்து பலமனேர் செல்லும் சாலையில் அமைந்துள்ள பங்காருபாளையம் மாம்பழச் சந்தைக்குப் பெயர் பெற்றது. இவ்வட்டாரத்தில் மாவுடன் சிறு விவசாயிக்குக் கைகொடுப்பவை கறவை மாடும் ஆடும் ஆகும். குட்டையான உருவமும் வறட்சியைத் தாங்கும் ஆற்றலும் கொண்ட புங்கனூர் மாட்டினம் சித்தூர்ப் பகுதியில் தோன்றியதே. பலமனேர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் அதனைப் பேணி வந்துள்ளது. எனினும், எத்துணைச் சிறந்த இனமாயினும் தீவனம் இன்றேல் பால் இல்லை.

2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் கால்நடைகள் சுமார் 53.6 கோடி. நிரந்தர மேய்ச்சல் நிலமோ ஏறத்தாழ ஒரு கோடி ஹெக்டேர்தான். சுமை மிகும்போது சுவையான பல்லாண்டுப் புற்களே முதலில் அழிகின்றன. விதை விடுமுன் மீண்டும் மீண்டும் மேயப்படுவதால் அவற்றின் வேரில் உணவு சேர்வதில்லை. அவை மறைந்த இடத்தை உண்ணிச்செடியும் முட்புதரும் கைப்பற்றுகின்றன. வெற்று மண்ணை மழை அரித்துச் செல்கிறது.

இதனைச் சீராக்கும் வழி கடினமானதன்று. புதர்களை வேருடன் அகற்றி, சரிவுக்குக் குறுக்கே வரப்பும் பள்ளமும் அமைத்து, பருவமழையின் தொடக்கத்தில் கொழுக்கட்டைப் புல்லையும் முயல் மசாலையும் கலந்து விதைக்கலாம். முயல் மசால் விதையின் தோல் கடினமானது. 80 டிகிரி வெந்நீரில் 4 நிமிடம் வைத்து, பின் இரவு முழுவதும் குளிர்ந்த நீரில் ஊறவைத்தால் நன்கு முளைக்கும். இப்பயறுவகைச் செடி காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்ப்பதோடு, தீவனத்தின் புரதத்தையும் உயர்த்துகிறது. மாந்தோப்பின் இடைவெளியிலும் இதனை வளர்த்து அறுத்துப் போடலாம்.

கொங்கு நாட்டின் கொறங்காடு இதற்கு நல்ல சான்று. கிளுவை வேலி, வெள்வேல் மரம், கொழுக்கட்டைப் புல் ஆகிய மூன்றும் சேர்ந்து காங்கேயம் மாட்டினத்தை வளர்த்து வந்துள்ளன. வேலியால் பகுத்து, மாற்றி மாற்றி மேய்ப்பதே அதன் உயிர்நாடி.

கொறங்காடு தனியார் நிலம்; புறம்போக்கோ ஊரார் அனைவருக்கும் உரியது. புதுப்பிப்பதற்காக அதனை மூடினால் முதலில் பாதிக்கப்படுபவர் நிலமற்ற ஆட்டுக்காரரே. எனவே முழுவதையும் ஒருசேர மூடாமல் பகுதி பகுதியாக மூடுதல் வேண்டும். மூடிய பகுதியில் புல் அறுக்கும் உரிமையை அவர்களுக்கே முதலில் அளித்தல் வேண்டும். கிராமப் பொதுநிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்றத் திட்டம் வகுக்குமாறு 2011இல் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. மீட்ட நிலம் நிலைபெற ஆணை மட்டும் போதாது. அதனைக் காப்பதில் பயன் காணும் மக்களும் தேவை. விதையைத் துறை வழங்கலாம். மேய்ச்சல் ஒழுங்கை ஊரே வகுத்துக் கொள்ளுதல் வேண்டும்.