வீட்டுக்குள் வந்த விஞ்ஞானம்



1847இல் யாழ்ப்பாணம் வந்த டாக்டர் கிறீன், பின்னர் தமிழிலேயே மருத்துவம் கற்பித்து நூல்களும் வெளியிட்டார். அவை மாணவருக்கானவை. பொதுவாசகருக்கென 1948இல் கோவையில் 'கலைக்கதிர்' பிறந்தது. 1970களில் பேராதனையிலிருந்து 'ஊற்று' வந்தது. 1987இல் சிறுவருக்காகத் தமிழ்நாட்டில் 'துளிர்' தொடங்கியது.

இவற்றின் அருமை வைத்தியர்களாகிய எங்களுக்குத் தெரியும். தலைச்சுற்று நின்றதும் பிரஷர் குளிசையை நிறுத்திவிடும் தோட்டத்து அம்மாவுக்கு, அறிகுறி இல்லாமலும் நோய் இருக்கும் என்று புரியவைக்க மருந்துத் துண்டு போதாது. வீட்டில் வாசித்துச் சொல்ல ஒரு மகள் வேண்டும்.

பண்டாரவளையில் படித்து எங்கெங்கோ வாழும் நாம், ஆளுக்கொரு தமிழ் விஞ்ஞான சஞ்சிகையின் சந்தாவை நமது பாடசாலை நூலகத்துக்காகக் கட்டுவோம்.