கைகள் இசைக்கும் நாட்டுப்பண்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இவ்விழா தமிழ்த்தாய் வாழ்த்துடன் தொடங்கிற்று, நாட்டுப்பண்ணுடன் நிறைவுறும். இரு வேளையும் நாம் எழுந்து நின்று பாடுகின்றோம். நம் காலனியில் செவிப்புலனற்ற சிறுமி ஒருத்தி இருக்கின்றாள். அவளும் நம்மோடு எழுந்து நிற்கின்றாள். ஆயின், அவள் காண்பது நம் உதடுகளின் அசைவு மட்டுமே. நாடு அவளுக்கும் உரியதன்றோ? நாட்டுப்பண் மட்டும் எங்ஙனம் உரியதாகாமற் போகும்?

இவ்வினாவைத் தம் கலையால் எழுப்பியவர் கிறிஸ்டின் சன் கிம் என்னும் ஓவியர். கொரியாவிலிருந்து அமெரிக்காவிற் குடியேறிய பெற்றோருக்கு 1980இல் பிறந்தவர், பிறவியிலேயே செவிகேளாதவர். மேலைநாட்டார் ஐந்து கோடுகளிட்டு இசைக்குறி எழுதுவர். இவர் கரித்துண்டால் வரையும் ஓவியங்கள் பலவற்றில் நான்கு கோடுகளே காணப்படும். அமெரிக்கச் சைகை மொழியில் அக்கோடுகளைக் குறிக்க நான்கு விரல்களை நீட்டுவர் என்பதே காரணம். இசை செவிக்கு மட்டுமன்று, விழிக்கும் கைக்கும் உரியது என்பது அவர் கொள்கை. கச்சேரியில் தொடைமீது தாளமிடும் நமக்கு இது புதிதன்று.

2020 பிப்ரவரி 2ஆம் நாள் மயாமி நகருக்கு அருகில், சூப்பர் பௌல் பந்தாட்ட இறுதிப் போட்டியின் தொடக்கத்தில், அவர் அந்நாட்டுப்பண்ணைச் சைகையால் இசைத்தார். தொலைக்காட்சியிலோ சில விநாடிகளே அவர் உருவம் தெரிந்தது. பின்னர் ஆட்டக்காரர்களைக் காட்டத் தொடங்கிவிட்டனர். செவிகேளாதார்க்கு, கைகளைக் காட்டாமை பாடுவோரின் குரலை நிறுத்துவதற்கு ஒப்பாகும். மேடை தந்தால் மட்டும் போதாது, காணவும் வேண்டும்.

நம் நாட்டிலும் நற்செயல் நிகழ்ந்துள்ளது. 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் திங்களில், கோவிந்த் நிகலானி இயக்கிய சிறு படமொன்று வெளியாயிற்று. அதில் அமிதாப் பச்சன் அவர்கள், மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளுடன் செங்கோட்டையின் முன் நின்று, நாட்டுப்பண்ணைச் சைகை மொழியில் இசைத்தார். 2018இல் 3,000 சொற்களுடன் வெளிவந்த இந்தியச் சைகை மொழி அகராதி, 2021இல் 10,000 சொற்களாக வளர்ந்தது.

அன்பர்களே! சைகை மொழி என்பது தமிழின் நிழலுமன்று, கன்னடத்தின் நிழலுமன்று. தனக்கென இலக்கணம் உடைய மொழி அது. கன்னட நாட்டில் வாழும் நாம், நம் பிள்ளைகள் தாய்மொழியை மறவாதிருக்கவே இச்சங்கத்தை வளர்த்து வருகின்றோம். மொழியின் அருமை உணர்ந்த நாம், மற்றொரு மொழியைப் புறக்கணித்தல் தகுமோ?

செவித்திறனை ஆராயவும் பேச்சுப் பயிற்சி பெறவும் நம் மைசூரிலேயே, 1965இல் தோன்றிய அகில இந்தியப் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் உண்டு. ஆயினும், நம் கூட்டத்தில் அச்சிறுமிக்கு இடமளிப்பது நம் கடமை.

ஆதலின் ஒரு வேண்டுகோள். அவளும் பெற்றோரும் இசைந்தால், அடுத்த ஆண்டு விழாவில் அவளே முன்னின்று கைகளால் நாட்டுப்பண் இசைக்கட்டும். நம் பிள்ளைகள் இப்பொழுதே அவளிடம் அதனைக் கற்கட்டும். அவளை மேடையின் ஓரத்தில் நிறுத்தாது, விளக்கொளி விழும் நடுவிடத்தில் நிறுத்துவோம். அன்று நாம் பாடுவோம். அவளும் நம்மோடு பாடுவாள்.