வேட்டைக்கும் வரம்பு உண்டு

 

நம் நாட்டிலே விவசாயக் கிராமங்கள் பல காட்டை அண்டியே அமைந்துள்ளன. பயிரைக் காக்கவென்றும் இறைச்சிக்கென்றும் அங்கே கம்பிச் சுருக்கும் கட்டுத்துவக்கும் வைக்கப்படுவதை நீங்கள் அறிவீர்கள். தொழுகையிலும் நோன்பிலும் வரம்பு பேணும் நம்மிற் சிலர், காட்டுக்குள் கால் வைத்ததும் வரம்பு ஏதும் இல்லையென்று எண்ணிவிடுகின்றனர். அது சரிதானா என்பதை இன்று சற்றுச் சிந்திப்போம்.

இஸ்லாம் வேட்டையைத் தடைசெய்யவில்லை. ஆயினும் அதனைக் கட்டின்றியும் விட்டுவிடவில்லை. தய்யு கோத்திரத்தைச் சேர்ந்த அதீ இப்னு ஹாதிம் (ரழி) அவர்கள் ஒரு வேட்டைக்காரர். அவர் நபி (ஸல்) அவர்களிடம் வேட்டை பற்றி வினவிப் பெற்ற விளக்கங்கள் ஹதீஸ் கிரந்தங்களில் பதிவாகியுள்ளன. பயிற்றப்பட்ட நாயை ஏவும்போது அல்லாஹ்வின் பெயர் கூறப்பட வேண்டும். பிடித்ததை நாய் தானே தின்றிருந்தால் அதனை உண்ணலாகாது. வேறொரு நாயும் சேர்ந்து கொன்றிருந்தாலும் உண்ணலாகாது. அம்பின் கூர்முனை தைத்தால் ஆகும். அதன் பக்கவாட்டில் அடிபட்டு இறந்தால் ஆகாது. எய்யப்பட்ட பிராணி நீரில் விழுந்து இறந்து கிடந்தால் அதையும் விட்டுவிட வேண்டும். கொன்றது அம்பா, நீரா என்பது தெரியாதல்லவா?

நேயர்களே! இவ்விதிகள் யாவற்றிலும் ஒரு பொதுக் கருத்து இழையோடுவதைக் கவனியுங்கள். வேட்டையாடுபவன் அங்கே இருக்கிறான். எதை நோக்கி ஏவுகிறான் என்பதை அறிகிறான். அல்லாஹ்வின் பெயரை மொழிகிறான். அந்த உயிர் எவ்வாறு பிரிந்தது என்பதற்குத் தானே பொறுப்பாளியாகிறான்.

இப்போது கம்பிச் சுருக்கை எண்ணிப் பாருங்கள். அதை வைத்தவன் வீட்டிலே உறங்குகிறான். சிக்குவது பன்றியா, மானா, சினைப்பட்ட பிராணியா என்று சுருக்குக்குத் தெரியாது. சிக்கிய பிராணி மணிக்கணக்காக, சிலவேளை நாட்கணக்காகத் துடிக்கிறது. கழுத்து நெரிபட்டு இறந்ததை உண்பதை ஸூரா அல்-மாஇதாவின் 3 ஆவது வசனம் வெளிப்படையாகவே ஹராமாக்கியுள்ளது. உயிருடன் கண்டு முறைப்படி அறுத்தாலன்றி அது ஆகுமாவதில்லை.

கட்டுத்துவக்கின் நிலை இதனினும் கொடிது. விறகு பொறுக்கச் செல்லும் ஏழையின் கால் பட்டாலும் அது வெடிக்கும். பன்றிக்கென உணவுப் பொருளில் மறைத்து வைக்கப்படும் வெடியை யானை கடிக்கிறது. தாடை சிதைந்து, உண்ணவும் பருகவும் இயலாமல், பல நாட்கள் பட்டினியால் வாடி மடிகிறது. 2020 ஆம் ஆண்டு மே மாதத்தில் நல்லதண்ணிப் பகுதித் தோட்டமொன்றில் அரிய கறுஞ்சிறுத்தை ஒன்று கம்பிச் சுருக்கில் அகப்பட்டது. மீட்டுச் சிகிச்சை அளித்தும் சில நாட்களில் அது இறந்துபோயிற்று. குஞ்சுகளைப் பறிகொடுத்துத் தவித்த ஒரு சிறு பறவையைக் கண்டு, அவற்றைத் திருப்பிக் கொடுத்துவிடுமாறு பணித்த நபியின் உம்மத்தினர் நாம் என்பதை மறந்துவிடலாகாது.

நாட்டின் சட்டமும் இதில் வாளாவிருக்கவில்லை. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 2009 இலும் திருத்தப்பட்டுள்ளது. யானை, சிறுத்தை, கரடி, மான், மரை போன்றவை அதனாற் பாதுகாக்கப்பட்டவை. அவற்றைக் கொல்வது மட்டுமன்றி அவற்றின் இறைச்சியை விற்பதும் குற்றமாகும். தேசியப் பூங்காக்களினுள் அனுமதியின்றித் துவக்கும் வெடிபொருளும் நஞ்சும் பொறியும் கொண்டு செல்வதே தடுக்கப்பட்டுள்ளது.

"காட்டுக்குள் யார் பார்க்கப் போகிறார்கள்?" என்று சிலர் கேட்பதுண்டு. இஹ்ராம் அணிந்தோரின் கைக்கும் ஈட்டிக்கும் எட்டும் தூரத்தில் வேட்டைப் பிராணிகளைக் கொண்டு அல்லாஹ் சோதிப்பதாக அதே ஸூராவின் 94 ஆவது வசனம் கூறுகிறது. மறைவில் அவனை அஞ்சுபவர் யார் என்பதே அச்சோதனை. காவலர் இல்லாத காட்டிலே நமக்கும் அதே கேள்விதான் காத்திருக்கிறது.

ஆகவே, உங்கள் வயலோரத்தில் சுருக்கோ கட்டுத்துவக்கோ இருக்குமாயின் இன்றே சென்று அகற்றிவிடுங்கள். வேறெங்கேனும் கண்டால் வனசீவராசிகள் அதிகாரிகளுக்கு அறிவியுங்கள். யாரேனும் மான் இறைச்சி கொண்டு வந்து தந்தால், மலிவு என்று மகிழ்வதற்கு முன், அது எவ்வாறு இறந்தது என்று ஒரு தடவை கேளுங்கள். பயிரிழந்த விவசாயியின் துயரம் உண்மையானது. அதனை நாம் மறுக்கவில்லை. இரவுக் காவலையும் வேலியையும் அயலவர் ஒன்றுகூடிப் பகிர்ந்துகொண்டால் அத்துயரம் குறையும். கண்காணாத பொறியோ ஒரு துயரத்தைப் பல துயரங்களாக்கும்.

வாயற்ற ஜீவன்கள் மீது இரக்கம் காட்டி, மறைவிலும் அவனை அஞ்சி வாழும் நற்பேற்றினை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.