வானளந்த கணக்கும் வாய்ப்பாட்டுச் சோழியும்

(சிறுசேரியில் தமிழன்பர்கள் நடுவே நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்துரு)



மாமல்லபுரத்துக் குன்றின்மேல் ஒலக்கணேசுவரம் என்னும் பழங் கற்கோயில் ஒன்று நிற்கின்றது. புதிய கலங்கரை விளக்கம் எழுவதற்கு முன்னர், அதன் உச்சியிலேதான் கடலோடிகட்கு வழிகாட்டும் விளக்கு ஏற்றப்பட்டது. இன்று கலம் கடலை விட்டு வானுக்கே சென்றுவிட்டது. அதற்கு வழிகாட்டும் விளக்கு யாது? கணக்கே. அக்கணக்கைக் கற்பிக்கும் சென்னைக் கணிதவியல் கழகம் 2005-ஆம் ஆண்டு முதல் இச் சிறுசேரியிலேயே இயங்கி வருகின்றது. எனவே வானாய்வைப் பற்றிப் பேசுதற்கு இவ்வூர் முற்றும் ஏற்றதோர் ஊரே.

2023 செபுதம்பர் 2-ஆம் நாள், இதே வங்கக் கடலோரத்தில், பழவேற்காட்டு ஏரியை அடுத்த சிறீகரிக்கோட்டாவிலிருந்து ஞாயிற்றை ஆயும் கலமொன்று புறப்பட்டது. ஆதித்தியா எல்-1 என்பது அதற்கு இடப்பட்ட பெயர். ஞாயிற்றுக்கலம் என்று அழகுதமிழில் வழங்கினால் அது பறக்காமல் நின்றுவிடுமோ? பெயர் கிடக்கட்டும், அதன் பணியைப் பார்ப்போர் வியவாதிருக்க இயலாது. 2024 சனவரி 6-ஆம் நாள் அது தனக்குரிய இடத்தை அடைந்தது. புவியிலிருந்து அவ்விடம் ஏறத்தாழ 15 நூறாயிரம் கிலோமீட்டர். பெருந்தொலைவுதான்; ஆயினும் ஞாயிற்றுக்கும் புவிக்கும் இடைப்பட்ட 15 கோடி கிலோமீட்டரில் அது நூற்றில் ஒரு பங்கே.

அவ்விடத்தில் அப்படி என்ன சிறப்பு? ஞாயிற்றுக்கு அண்மையில் சுற்றுவது விரைந்து சுற்றும்; தொலைவில் சுற்றுவது மெல்லச் சுற்றும். அறிவன் கோள் 88 நாளில் ஒரு சுற்றை முடிக்கின்றது. புவிக்கோ 365 நாள் வேண்டும். அங்ஙனமாயின், புவிக்கு உட்புறமாய் நிற்கும் கலம் புவியை முந்திச் சென்றுவிட வேண்டுமன்றோ? ஆனால் அவ்விடத்தில் புவியின் ஈர்ப்பு கலத்தைத் தன்பால் இழுத்து, ஞாயிற்றின் பிடியைச் சற்றே தளர்த்துகின்றது. அதனால் கலம் புவியோடு ஒத்த நடையில், ஓராண்டில் ஞாயிற்றைச் சுற்றி வருகின்றது. அப் புள்ளியைச் சூழ்ந்தும் ஏறத்தாழ 178 நாளுக்கு ஒருமுறை வட்டமிடுகின்றது. இரவும் இல்லை, மறைப்பும் இல்லை; ஞாயிறு என்றும் அதன் கண்முன் நிற்கும். ஆய்லர், இலக்ராஞ்சு என்னும் கணக்கறிஞர்கள் இத்தகைய இடங்களைப் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே தாளில் கண்டறிந்துவிட்டனர். கணக்கு முன்னே சென்று காட்டிய இடத்திற்குக் கலம் பின்னே சென்றது என்க!

மண்ணிலிருந்தே ஞாயிற்றை ஆய்ந்தால் ஆகாதோ எனச் சிலர் வினவலாம். ஞாயிற்றின் புறவளி மிக மெல்லிய ஒளியுடையது. பகல்வானின் வெளிச்சம் அதனை விழுங்கிவிடும். ஞாயிறு முழுதும் மறைக்கப்படும் சில மணித்துளிகளில் மட்டுமே அது கண்ணுக்குப் புலனாகும். புற ஊதாக் கதிர்களிற் பெரும்பகுதியையும் ஊடுகதிர்களையும் காற்று மண்டலமே தடுத்து விடுகின்றது. ஆகவேதான் கருவிகள் விண்ணேறுகின்றன. இக்கலத்திலுள்ள ஏழு கருவிகளுள் தலையானது, ஞாயிற்றின் வட்டத்தைத் தானே மறைத்துப் புறவளியை நோக்கும். நாளொன்றுக்கு 1,440 படங்கள் வரை அனுப்பவல்லது அது. இதனால் விளையும் பயன் வெறும் வியப்பன்று. 1989 மார்ச்சு 13-ஆம் நாள் ஞாயிற்றிலிருந்து எழுந்த புயலால் கனடா நாட்டுக் கியூபெக்கு மாநிலம் ஒன்பது மணிநேரம் மின்னின்றி இருண்டு கிடந்தது. புயலை முன்னறிந்தால் மின்வழிகளையும் செயற்கைக் கோள்களையும் காக்கலாம்.

இனி ஒரு வழிமரபைக் கேளுங்கள். அத் தலையாய கருவியைச் செய்தது பெங்களூரிலுள்ள இந்திய வானியற்பியல் நிறுவனம். அதன் வேரோ தமிழ்நாட்டில் உள்ளது. 1792-ஆம் ஆண்டில் சென்னை நுங்கம்பாக்கத்தில் எழுந்த வானாய்வு நிலையமே அதன் தோற்றுவாய். அப்பணி 1899-இல் கோடைக்கானலுக்குப் பெயர்ந்தது. ஞாயிற்றுக் கரும்புள்ளிகளில் வளி வெளிநோக்கிப் பாய்வதை எவர்செட்டு என்னும் ஆங்கிலேயர் 1909-இல் கண்டது அம் மலையிலேதான். இஞ்ஞாயிற்றுக்கலத் திட்டத்திற்குத் தலைமை தாங்கிய அம்மையார் நிகர் சாசியும் செங்கோட்டையில் பிறந்து, அங்கே அரசுப் பள்ளியில் பயின்றவரே.

நுங்கம்பாக்கத்தில் அந்நாளில் நாட்டிய கருங்கல் தூண் இன்றும் உளது. அதில் இலத்தீனம் மட்டுமல்ல, தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. கடல்கடந்து வந்தவனுக்கும், தன் வானாய்வுச் செய்தியை இம்மண்ணில் நிலைநிறுத்தத் தமிழ் தேவைப்பட்டது!

அக்காலத்துச் செய்தி இன்னொன்றும் உண்டு. அது பெருமையும் தரும், நாணமும் தரும். அந்நிலையத்தில் முன்பு பணியாற்றிய வாரன் என்பார், புதுச்சேரியில் ஐந்திறம் கணிக்கும் தமிழர் ஒருவரைக் கண்டார். அவர் தரையில் சோழிகளைப் பரப்பி, 1825-ஆம் ஆண்டின் திங்கள் மறைப்பொன்றைக் கணித்துக் காட்டினார். ஏடில்லை, எழுதுகோலில்லை, வாய்ப்பாடுகள் அனைத்தும் செயற்கைச் சொற்களாகவும் அசைகளாகவும் அவர் நெஞ்சில் இருந்தன. மறைப்பின் தொடக்கத்தில் அவர் பிழை நான்கே மணித்துளி, நடுவில் 23, முடிவில் 52. எத்துணை நினைவாற்றல்! ஆயினும், தாம் செய்யும் கணக்கின் உட்பொருளை அவர் சிறிதும் அறிந்திலர் என்றும் வாரன் எழுதிவைத்தார்.

அவையோரே, இங்கேதான் நின்று எண்ண வேண்டும். பொருளறியாத வாய்ப்பாட்டால் கணக்கைக் காக்க இயலும், வளர்க்க இயலாது. 52 மணித்துளிப் பிழை ஏன் வந்தது என்று கேட்க, உட்பொருள் தெரிந்திருக்க வேண்டும். அன்று பொருள் விளங்காச் சொற்களை உருப்போட்டவர் ஒருவர். இன்று பொருள் விளங்கா ஆங்கிலத்தில் ஈர்ப்பையும் ஒளியையும் உருப்போட்டு, தேர்வுத்தாளில் கொட்டிவிட்டு மறக்கும் பிள்ளைகள் எத்துணைப் பேர்! கையில் சோழி இல்லை, அவ்வளவே வேறுபாடு.

தமிழில் கற்றால் விண்ணை எட்ட முடியாது என்பார்க்கு விடை கண்முன்னேயே உள்ளது. 2008-இல் திங்களுக்குச் சென்ற முதற் கலத்தின் திட்டத்தை நடத்திய மயில்சாமி அண்ணாதுரை, பொள்ளாச்சியை அடுத்த கோதவாடியில் தமிழ்வழிப் பள்ளியில் பயின்றவர். விண்வெளி ஆய்வு நிறுவனத்தின் தலைவராய் இருந்த சிவனும், 2025 சனவரியில் அப்பொறுப்பேற்ற நாராயணனும் குமரி மாவட்டத்துத் தமிழ்வழிப் பள்ளி மாணவர்களே. பின்னர் அவர்கள் ஆங்கிலமும் கற்றனர், உண்மை. ஆனால் அடிப்படை தாய்மொழியில் ஊன்றியிருந்ததால், மேலே எழுந்தது சாயவில்லை.

ஆகவே, பழம்பெருமை பேசி அமைதல் போதாது. வடமொழிப் பெயரை இகழ்ந்து ஒதுங்குதலும் போதாது. கோள், விண்கலம், ஏவூர்தி, தொலைநோக்கி, ஈர்ப்பு, புறவளி எனச் சொல்வளம் முன்னரே உண்டு. அச்சொற்களால் பிள்ளைகட்கு விளக்கும் ஆசிரியர் வேண்டும். எழுதும் அறிஞர் வேண்டும். பதிப்பிக்கும் கழகங்கள் வேண்டும். சிறுசேரியின் கண்ணாடி மாளிகைகட்கு நடுவே நடந்து பள்ளிக்குச் செல்லும் சிற்றூர்ச் சிறுமி, 'அக்கலம் ஏன் அங்கேயே நிற்கின்றது?' என்று தமிழில் கேட்கட்டும். அவளுக்குத் தமிழிலேயே விடை கிடைக்கட்டும். அடுத்த வினாவை அவளே கேட்பாள். அதற்கு அடுத்த விடையை அவளே காண்பாள்.

வெல்க தமிழறிவு!