தீப்பெட்டிப் படங்களின் விலை



நம் மாதக் கூட்டங்களில் படிக்கப்பெறும் கவிதைகளில் பொன்வண்டும் கோலிக்குண்டும் தீப்பெட்டிப் படமும் அடிக்கடி தலைகாட்டுகின்றன. பழித்துக் கூறவில்லை, நானும் அப்படி எழுதியவளே. இன்று அந்தப் படங்களைப் பற்றி மட்டும் சில சொற்கள் கூற விழைகிறேன்.

நான் பிறந்தது கோவில்பட்டியை அடுத்த ஒரு சிற்றூர். 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்து சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் எங்கள் கரிசல் மண்ணெங்கும் பரவியிருந்தது. பெட்டியின் மேல் ஒட்டும் படங்களுக்காகவே சிவகாசியில் அச்சுத் தொழிலும் வளர்ந்தது.

1980களின் இறுதியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இப்படங்களைச் சேர்ப்பதே பித்து. காலிப் பெட்டியை நீரில் ஊறவைப்போம். நகம் படாமல் உரிப்போம். நோட்டுத் தாள்களுக்கிடையே வைத்து உலர்த்துவோம். குதிரைக்குக் கப்பல், சேவலுக்குத் தாமரை என்று பண்டமாற்று நடக்கும். பசையே படாத புதுப்படமானால், ஒன்றுக்கு உரித்த படம் பத்து! அத்தகைய புதுப்படங்கள் என்னிடம் மட்டுமே மிகுதி. என்னை எல்லோரும் பொறாமையோடு பார்த்தார்கள்.

என் தோழி ஒருத்தி ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுத் தீப்பெட்டி ஆபீசுக்குப் போனாள். விடியுமுன் வண்டி வரும். அவளுக்கு லேபிள் ஒட்டும் வேலை. பாவாடை மடிப்பில் இரண்டொரு படங்களை மறைத்து எனக்காகக் கொண்டுவருவாள். அகப்பட்டால் கூலியில் பிடிப்பார்கள். தீப்பெட்டித் தொழிலில் குழந்தைகளை அமர்த்தலாகாது என்ற சட்டம் 1986லேயே வந்துவிட்டது. அந்த வண்டிக்கு அது தெரிந்ததாகத் தோன்றவில்லை. எனக்கோ அவள் கொணர்ந்த படங்களின் எண்ணிக்கை மட்டுமே தெரிந்தது.

சில ஆண்டுகளுக்கு முன், அஞ்சல்தலைக் கண்காட்சி ஒன்றில் ஒரு வணிகரிடம் என் படஏட்டைக் காட்டினேன். பழமையே விலை என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அவர் சிரித்தார். உலகின் முதல் ஒட்டும் அஞ்சல்தலையான ‘பென்னி பிளாக்’ 1840இல் வெளியானது. அச்சானவை ஏறத்தாழ 6.8 கோடி, ஆகவே இன்றும் அது கிடைத்தற்கரிய பொருளன்று. 1854இல் இந்தியாவில் அச்சான நாலணாத் தலை ஒன்றில் அரசியின் தலை தவறிக் கவிழ்ந்துவிட்டது, அதற்கே பெருவிலை. அருமையும் பழுதின்மையுமே கணக்கு என்றார். பிறகு என் ஏட்டைப் புரட்டி, உரித்த படங்களை ஒதுக்கிவிட்டு, புதுப்படங்களில் மட்டும் விரல் வைத்தார். “பசை படாதவை, இவற்றை வேண்டுமானால் எடுத்துக்கொள்கிறேன்” என்றார். நான் கொடுக்கவில்லை. கொடுக்காததில் பெருமையும் இல்லை. அவர் சொன்ன தொகை அவ்வளவு சிறியது!

அடுத்த பங்குனிப் பொங்கலுக்கு ஊர் சென்றபோது ஏட்டைத் தோழியிடம் காட்டினேன். “இன்னுமாடி இதை வச்சிருக்கே?” என்றாள். குதிரையையோ கப்பலையோ அவள் பார்க்கவில்லை. ஒரு படத்தை மெல்ல எடுத்துப் பின்புறம் திருப்பினாள்; கட்டைவிரலால் மூலையைத் தடவினாள்.

“இந்தத் தாளு சுருளும். ஒட்டுறதுக்குள்ள உசுரு போயிரும்” என்றாள்.