பெயர் சொல்லத் தயங்கும் நோய்

எல்லை கடந்து வந்திருக்கும் மருத்துவர்களே, நுண்ணுயிரியலாளர்களே, ஆய்வகப் பணியாளர்களே!

காலராவைப் பற்றிப் பேச நாடுகள் முதன்முதலில் கூடியது 1851இல், பாரிஸ் நகரில். பன்னிரண்டு நாடுகள், நாட்டுக்கு ஒரு மருத்துவர், ஒரு தூதர். ஆறு மாதம் பேசினார்கள். நோய் தொற்றுமா, தொற்றாதா என்பதிலேயே மருத்துவர்கள் ஒத்துப்போகவில்லை. கப்பலை மறித்தால் வணிகம் என்னாகும் என்பது தூதர்களின் கவலை. மருத்துவர்களின் வழக்கு பிறகு தீர்ந்தது. தூதர்களின் கவலை இன்னும் தீரவில்லை.

1991இல் பெரு நாடு தன் மண்ணில் காலரா பரவுவதை மறைக்காமல் அறிவித்தது. பல நாடுகள் அதன் மீனை வாங்க மறுத்தன. இதைப் பார்த்த மற்ற அரசுகள் என்ன கற்றுக்கொண்டிருக்கும்? இன்றும் சில நாட்டு அறிக்கைகளில் ‘கடும் நீர்ப்பேதி’ வரும், காலரா வராது. வாந்திபேதி என்று நம் பாட்டிமார் நேராகவே சொன்னார்கள். அரசுகளுக்குத்தான் வாய் வருவதில்லை.

1992இன் பிற்பகுதியில் இதே சென்னையில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். நோயாளிகளிடம் கண்டதெல்லாம் காலராவின் அறிகுறிகள். ஆய்வகத்தில் காலராக் கிருமியான விப்ரியோவும் வளர்ந்தது. ஆனால் வழக்கமான காலரா வகையை இனங்காட்டும் ஓ1 எதிர்ச்சீரம் ஒரு சொட்டு விட்டால் கிருமி திரளவில்லை. ஓ1 அல்லாத விப்ரியோ கொள்ளைநோயாகாது என்பது அன்றைய பாடம். பாடத்தை நம்பி ‘காலரா அன்று’ என்று எழுதிக் கோப்பை மூடியிருக்கலாம். மூடவில்லை. கல்கத்தாவிலும், பிறகு டாக்காவிலும் அதே கிருமி, அதே திரளாமை. பழைய காலராவால் ஓரளவு எதிர்ப்பாற்றல் பெற்றிருந்த பெரியவர்களும் படுத்துவிட்டார்கள். ஜப்பானிய ஆய்வகத்தில் அதுவரை அறிந்த 138 வகைகளோடும் ஒப்பிட்டார்கள், எதிலும் சேரவில்லை. 139 என்ற எண் அப்படி வந்தது. 1993இல் லான்செட் மருத்துவ இதழில் உலகம் இதைப் படித்தது. கிருமி மாதிரி நாடு விட்டு நாடு பயணம் செய்ததால் நடந்த வேலை இது.

அந்தப் புதிய வகைக்கு ‘வங்கம்’ என்று பெயரிட்டுச் சென்னையை விட்டுவிட்டார்களே என்று நம்மவர் சிலர் குறைப்படுவதுண்டு. நான் அந்தக் கட்சியில் இல்லை. நோய்க்கு ஊர்ப்பெயர் நிலைப்பது எந்த ஊருக்குப் பெருமை?

ஆனால் மனிதர்களின் பெயர் விடுபடுவது வேறு. உப்பும் சர்க்கரையும் கலந்த நீரை வாய்வழி கொடுத்து, காலரா நோயாளிக்கு நரம்புவழி ஏற்றும் நீரைப் பெருமளவு குறைக்கலாம் என்று காட்டிய 1968ஆம் ஆண்டு டாக்கா கட்டுரையில் டேவிட் நாலின், ரிச்சர்ட் காஷ் ஆகிய அமெரிக்கர்களோடு ரஃபீகுல் இஸ்லாம், மஜித் மொல்லா ஆகியோரும் ஆசிரியர்கள். இந்த அரங்கில் எத்தனை பேருக்குப் பின்னிரண்டு பெயர்கள் தெரியும்? கூட்டாய்வு என்ற பெயரில் மாதிரி ஒரு பக்கத்திலிருந்து வந்து புகழ் மறுபக்கம் போனால், அடுத்த முறை மாதிரி வராது.

ஆகவே ஒரு வேண்டுகோள். வகை தெரியாத விப்ரியோ மாதிரிகள் உங்கள் குளிர்பெட்டிகளில் கிடக்கலாம். எடுத்த ஊர், நாள், எடுத்தவர் பெயர் மூன்றையும் எழுதி, மாநாடு முடிவதற்குள் செயலரிடம் கொடுங்கள். முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.